கணினியில் தமிழ் – 23: ஸ்ரீவில்லிபுத்தூரின் முதல் எழுத்து

மதுரையிலிருந்து தென்காசி போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கடைப் பலகைகளை வாசித்துக்கொண்டே போனால், ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டுவதற்குள் அந்த ஊரின் பெயரை மூன்று நான்கு விதமாகப் படித்துவிடலாம். ஸ்ரீவில்லிபுத்தூர், திருவில்லிபுத்தூர், வெறும் வில்லிபுத்தூர், இடம் போதாத பலகையில் ஸ்ரீவி. அங்கிருந்து அரை மணி நேரத்தில் ராஜபாளையம். அதை இராஜபாளையம் என்றும் எழுதுவார்கள். தனித்தமிழ்ப் பற்றுள்ளவர் கையில் அது இராசபாளையம் ஆகிவிடும். பலகையில் எப்படி எழுதியிருந்தாலும் பயணிகள் சரியான ஊரில்தான் இறங்குகிறார்கள்.

கணினிக்கு அந்தப் பயணியின் கண் எப்போது வாய்த்தது, எங்கே இன்னும் வாய்க்கவில்லை என்பதே இந்தப் பகுதியின் கதை. 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது. எழுத்துக்கு எண் கிடைத்துவிட்டது, இனித் தொல்லை இல்லை என்று பலர் நிம்மதி அடைந்தார்கள். ஆனால் எண் பெற்ற எழுத்தைத் தேடுவதும் வெட்டுவதும் ஒப்பிடுவதும் நிரல்மொழிகளின் வேலை. அந்த வேலைக்கு அவை வைத்திருக்கும் கருவியின் பெயர் ரெகுலர் எக்ஸ்பிரஷன். நிரலாளர்கள் சுருக்கமாக ரெஜெக்ஸ் என்பார்கள்.

சொல்லைக் கொடுக்காமல் சொல்லின் அச்சைக் கொடுத்துத் தேடுவதுதான் ரெஜெக்ஸ். ராஜபாளையத்தையே பார்க்கலாம்.

இ?ரா[சஜ]பாளையம்

இந்த ஒரு வரி போதும். கேள்விக்குறி, தனக்கு முன்னால் நிற்கும் ‘இ’ இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி என்கிறது. சதுர அடைப்பு, உள்ளே இருப்பவற்றில் ஏதாவது ஒன்று வந்தால் போதும் என்கிறது. ராஜபாளையம், இராஜபாளையம், ராசபாளையம், இராசபாளையம் என்ற நான்கும் ஒரே வலையில் விழுந்துவிடும். ஒரு நூற்பாலையின் முகவரிப் பட்டியலில் பல்லாயிரம் வரிகள் இருந்தாலும் கண் இமைக்கும் நேரத்தில் வேலை முடியும்.

இந்தக் குறியீட்டு முறைக்கு விதை போட்டவர் அமெரிக்கக் கணித அறிஞர் ஸ்டீபன் கிளீனி. 1951இல் அவர் எழுதிய ஆய்வு 1956இல் அச்சானது. 1968இல் கென் தாம்சன் அதைத் தேடும் நிரலாக மாற்றும் வழியைக் காட்டினார். 1970களின் தொடக்கத்தில் யூனிக்ஸ் இயங்குதளத்தில் கிரெப் என்ற தேடல் நிரல் வந்தது. 1987இல் லாரி வால் வெளியிட்ட பெர்ல் மொழி ரெஜெக்ஸை நிரலாளர்களின் அன்றாடக் கருவியாக்கியது. இவை வளர்ந்த காலத்தில் எழுத்து என்றால் ஆஸ்கி அட்டவணையின் 128 இடங்களுக்குள் அடங்கிய ஆங்கில எழுத்துகளும் இலக்கங்களும் குறிகளும்தான். ஓர் எழுத்துக்கு ஓர் எண். எண்களின் வரிசையும் அகரவரிசையும் ஒன்று; ஏ முதல் இசட் வரை என்று கேட்டால் 26 எழுத்தும் பிசகாமல் வரும். இந்த இரண்டு நினைப்புகளும் கருவியின் எலும்புவரை ஊறிப்போயின.

தமிழ் வந்தபோது இரண்டும் உடைந்தன.

1991இல் வெளியான யூனிகோடில் தமிழுக்குக் கிடைத்தது 2944 முதல் 3071 வரை 128 இடங்கள். நம்முடைய 247 எழுத்துகளில் உயிருக்கும் ஆய்தத்துக்கும் அகரம் ஏறிய மெய்க்கும் மட்டுமே தனி எண். மற்ற உயிர்மெய்களுக்குத் துணைக்குறியைப் பின்னால் ஒட்ட வேண்டும், மெய்க்குப் புள்ளியை ஒட்ட வேண்டும். வரிசையும் நம்முடையது அன்று. இந்திய அரசின் இஸ்கி தரம் எல்லா இந்திய எழுத்துகளையும் தேவநாகரி அடுக்கின்மேல் ஏற்றியிருந்தது. யூனிகோடு அதை அப்படியே எடுத்துக்கொண்டது. அதனால் ‘ன’ நம் வரிசையின் கடைசியில் நிற்காமல் ‘ந’வுக்கு அடுத்த இடத்துக்குப் போனது. ந 2984, ன 2985, ப 2986.

ககரம் முதல் னகரம் வரை என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரிந்த வரிசை. அதை நம்பி ஒரு தமிழ் நிரலாளர் ரெஜெக்ஸில் [க-ன] என்று எழுதினால் 18க்குப் பதில் ஒன்பது மெய்தான் கிடைக்கும். கேளாமலே ‘ஜ’வும் கூட வந்து சேரும். ப, ம, ய, ர, ல, வ, ழ, ள, ற ஒன்பதும் வெளியே நிற்கும். ராஜபாளையம் என்ற பெயரில் ர, ஜ, ப, ள, ய, ம என ஆறு அடியெழுத்துகள் இருக்கின்றன. இந்த வீச்சில் அகப்படுவது ‘ஜ’ ஒன்று மட்டும்!

வரிசைச் சிக்கலை ஒரு பட்டியல் போட்டுச் சமாளித்துவிடலாம். சொல் எது என்ற சிக்கல் அதைவிடப் பெரியது.

பைத்தான் மொழியின் 2.0 பதிப்பு 2000ஆம் ஆண்டு அக்டோபரில் வந்தது. மார்க்-ஆந்த்ரே லெம்பர்க் அதில் யூனிகோடு சரங்களை, அதாவது எழுத்துத் தொடர்களை, அமைத்துக் கொடுத்தார். ஃபிரெட்ரிக் லுண்ட் யூனிகோடு தெரிந்த புதிய ரெஜெக்ஸ் எஞ்சினை எழுதினார். 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3இல் எல்லாச் சரமும் யூனிகோடாகவே ஆனது. இன்று தமிழ்க் கணிமையில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் முதலில் எடுப்பது இந்த மொழியைத்தான். இதன் ரெஜெக்ஸில் ‘சொல்லில் வரும் எழுத்து’ என்பதற்கு ஒரு சுருக்கக் குறி உண்டு: பின்சாய்கோடும் ஆங்கில டபிள்யூவும். அதைக் கொண்டு ராஜபாளையத்தைத் தேடச் சொன்னால் ஒரு சொல் வர வேண்டும். வருவது நான்கு துண்டு: ர, ஜப, ள, யம. ஸ்ரீவில்லிபுத்தூரைக் கொடுத்தால் ஒன்பது தனித்தனி எழுத்துகளாக உதிர்ந்துவிடும்: ஸ, ர, வ, ல, ல, ப, த, த, ர.

காரணம் எளிது. யூனிகோடு ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு வகை எழுதி வைத்திருக்கிறது. க, ச, ட எல்லாம் எழுத்து வகை. கால், கொம்பு, சுழி, புள்ளி எல்லாம் ஒட்டுக்குறி வகை. பைத்தானின் எஞ்சின், எழுத்து வகையும் இலக்கமும் அடிக்கோடும்தான் சொல்லில் வரும் என்று எண்ணுகிறது. ஒட்டுக்குறியைக் கண்டதும் சொல் முடிந்துவிட்டது என்று கத்தியை வைத்துவிடுகிறது.

இதன் விளைவு எவ்வளவு விபரீதம் என்பதை ஸ்ரீவில்லிபுத்தூர் கடைத்தெருவிலேயே பார்த்துவிடலாம். அந்த ஊர்ப் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கடைகளின் பட்டியல் ஒன்றில் ‘பால் கடை’ என்று ஒரு வரியும் ‘பால்கோவா கடை’ என்று ஒரு வரியும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ‘பால்’ என்ற முழுச் சொல் எங்கே வருகிறது என்று பைத்தானைக் கேட்டால், முதல் வரியில் இல்லை என்கிறது; இரண்டாவது வரியில் இருக்கிறது என்கிறது. தலைகீழ்! ‘பால் கடை’யில் ‘ல்’லின் புள்ளியும் அடுத்த இடைவெளியும் அதற்குச் சொல்லுக்குப் புறம்பானவை, இரண்டு புறம்பானவற்றுக்கு நடுவே சொல்லெல்லை கிடையாது. ‘பால்கோவா’வில் புள்ளிக்கு அடுத்து ‘க’ வருகிறது, உடனே அங்கே ஓர் எல்லை முளைத்துவிடுகிறது. தமிழில் புள்ளியில் முடியும் சொற்கள் எத்தனை என்று நினைத்துப் பார்த்தால் சேதத்தின் அளவு புரியும். நம் இரண்டு ஊர்ப் பெயர்களும் புள்ளியில்தான் முடிகின்றன.

இத்தனைக்கும் பைத்தான் 3 தமிழை ஒதுக்கிய மொழி இல்லை. நிரலுக்குள் மாறியின் பெயராகவே ராஜபாளையம் என்று எழுதலாம், எந்தத் தடையும் சொல்லாது. மாறியின் பெயரைச் சோதிக்கும் பகுதி ஒட்டுக்குறிகளைச் சேர்த்து அதை ஒரே பெயராக ஏற்கிறது. ரெஜெக்ஸ் பகுதி அதே பெயரை நான்காக வெட்டுகிறது. ஒரே வீட்டில் இரண்டு கணக்கு.

இதை யாரும் சுட்டாமல் இல்லை. 2007இலேயே தேவநாகரி உரையில் சொற்கள் துண்டு துண்டாக வெட்டுப்படுவதாகப் பைத்தானின் பிழைப் பதிவில் புகார் ஏறியது. 2011இல் பெர்ல் உலகின் பெரிய கை டாம் கிறிஸ்டியன்சன், யூனிகோடு கூட்டமைப்பின் 18ஆம் எண் தொழில்நுட்பத் தரத்தையே மேற்கோள் காட்டிப் புகார் எழுதினார். ரெஜெக்ஸ் யூனிகோடை எப்படிக் கையாள வேண்டும் என்பதற்கான தரம் அது. சொல்லெழுத்து என்றால் ஒட்டுக்குறிகளும் சேர்ந்ததுதான் என்று அது தெளிவாகச் சொல்கிறது. அதே 2011இல் ஜாவா 7 வெளியானபோது, கேட்டால் இந்தத் தரத்தின்படி நடந்துகொள்ளும் ஒரு தெரிவு அதில் சேர்ந்தது. பைத்தானிலோ உள்ளிருக்கும் எஞ்சின் பழைய வழியையே பிடித்துக்கொண்டிருக்கிறது. மேத்யூ பார்னெட் தனியாக எழுதித் தந்திருக்கும் மாற்று ரெஜெக்ஸ் தொகுப்பைப் போட்டுக்கொண்டால் ராஜபாளையம் முழுசாக வரும். தமிழ் உரையைத் தொடும் எவரும் முதல் வேலையாக அதை நிறுவிக்கொள்வதே புத்திசாலித்தனம்.

ஜாவாஸ்கிரிப்டில் அந்தச் சுருக்கக் குறி இன்றுவரை ஆஸ்கி எழுத்துகளை மட்டும்தான் அறியும். தமிழே அதன் கண்ணில் படாது. 2018இல் வந்த பதிப்பு, யூனிகோடு வகையைச் சொல்லித் தேட வழி திறந்தது. அங்கே எழுத்து வகை, ஒட்டுக்குறி வகை இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும். எழுத்து வகையை மட்டும் கேட்டால் பழையபடி நான்கு துண்டு.

இனி, தலைப்பில் சொன்ன முதல் எழுத்துக்கு வருவோம்.

‘ஸ்ரீ’ கண்ணுக்கு ஓர் எழுத்து. யூனிகோடுக்கு முன் தமிழர்கள் கூடி வகுத்த திஸ்கி முறையில் அதற்கென்றே ஓரிடம் இருந்தது. யூனிகோடில் தனியிடம் இல்லை. நான்கு எண்களைக் கோத்து வரவழைக்க வேண்டும். ‘ஸ’, புள்ளி, ‘ர’, ‘ஈ’காரக் குறி. தொடக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள். ஆனால் வடமொழியில் அந்தச் சொல்லின் முதல் ஒலி ‘ஸ’ இல்லை. கிரந்தத்தில் அதற்கு ‘ஶ’ என்ற வேறு எழுத்து உண்டு. 2005 மார்ச்சில் வந்த யூனிகோடு 4.1இல் அந்த ‘ஶ’ தமிழ்ப் பகுதியில் சேர்ந்தது. சேர்ந்ததும், ஸ்ரீயை இனி ‘ஶ’ கொண்டு கோப்பதே சரி என்று தரம் மாறியது. ‘ஸ’வின் எண் 3000. ‘ஶ’வின் எண் 2998.

பழைய எழுத்துருக்களும் விசைப்பலகைகளும் ஒரே நாளில் மாறிவிடுமா? மாறவில்லை. சில கருவிகள் 3000ஐ எழுதின, சில 2998ஐ எழுதின. திரையில் இரண்டும் ஒரே வடிவம்; பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் வேறுபாடு தெரியாது. ஸ்ரீவில்லிபுத்தூர் என்று ஒருவர் ஏற்றிய பதிவை, ஶ்ரீவில்லிபுத்தூர் என்று இன்னொருவர் தேடினால் ‘இல்லை’ என்று பதில் வரும். முந்தைய வாக்கியத்திலேயே இரண்டு விதமும் இருக்கின்றன. இரண்டு வடிவங்களும் பரவலாகப் புழங்குவதை யூனிகோடு தரமே ஒப்புக்கொள்கிறது. இரண்டையும் சமமாகக் கொள்ளுங்கள் என்று பரிந்துரையும் செய்கிறது. பரிந்துரைதான், விதி இல்லை. ஒரே எழுத்தின் வேறு வேறு கோவைகளைத் தானாக ஒன்றாக்கும் யூனிகோடின் சீராக்கம் இந்த இரண்டைத் தொடாது. ‘ஸ’வும் ‘ஶ’வும் அதன் கணக்கில் வேறு வேறு எழுத்துகள்.

பால்கோவாவுக்கு அந்தச் சீராக்கம் கைகொடுக்கும். ‘கோ’வின் குறியை 3019 என்ற ஒரே எண்ணாகவும் எழுதலாம், 3015 என்ற இரட்டைக் கொம்பாகவும் 3006 என்ற காலாகவும் பிரித்தும் எழுதலாம். முதல் வழியில் பால்கோவாவுக்கு எட்டு எண், இரண்டாவது வழியில் ஒன்பது. தேடுவதற்கு முன் சீராக்கிவிட்டால் இரண்டும் எட்டாகிவிடும். ஸ்ரீக்கு நாமேதான் வழி செய்ய வேண்டும். வழி என்னவோ ஒரு வரிதான்.

[ஸஶ]்ரீ

இதைத் திரையில் தட்டுகிறவருக்கு ஒரு சங்கடம் காத்திருக்கிறது. புள்ளி எந்த எழுத்தின் தலையிலும் உட்கார முடியாமல் அடைப்புக்குறியின்மேலோ, ஒரு புள்ளிவட்டத்தின்மேலோ தொங்கும். ஆங்கிலத்துக்காகச் செய்த குறியீட்டில் தமிழ் எழுதும்போது எழுத்தின் நடுவிலேயே அடைப்பு விழுகிறது. வேலை செய்யும், படிக்கத்தான் முடியாது. (ஸ்ரீ|ஶ்ரீ) என்று இரண்டையும் முழுசாக எழுதி நடுவே கோடு போட்டுவிடுவது மேல். அடுத்து அந்த நிரலைத் திறந்து பார்ப்பவர் வாழ்த்துவார்.

ராஜபாளையத்தின் ‘ளை’க்கு நடந்தது இதற்கு நேர் எதிர். 1978இல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவரும்வரை ணை, லை, ளை, னை நான்கும் யானைத் துதிக்கை போன்ற கொம்போடுதான் பெரும்பாலும் அச்சாயின. பெரியார் 1935இலேயே குடியரசு இதழில் மாற்றிவிட்டிருந்தாலும், பொது வழக்கு மாற அரசாணை வர வேண்டியிருந்தது. 1936இல் தொடங்கிய ராஜபாளையம் மில்ஸின் தொடக்க காலத்துத் தமிழ்த் தாள் ஒன்றையும் இன்றைய பலகையையும் பக்கத்தில் வைத்தால் ‘ளை’ இரண்டு உருவத்தில் நிற்கும். ஆனால் யூனிகோடில் இரண்டுக்கும் ஒரே எண்கள். வடிவத்தை எழுத்துரு பார்த்துக்கொள்ளும். வடிவம் மாறிய ராஜபாளையத்தைக் கணினி சிரமமில்லாமல் தேடிவிடுகிறது. வடிவம் மாறாத ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இடறி விழுகிறது.

அந்தப் பெயரில் எத்தனை எழுத்து என்று கேட்டாலும் ஆளுக்கொரு விடை. யூட்டிஎஃப்-8 கோப்பில் 54 பைட்டுகள். பைத்தானின் எண்ணிக்கையில் 18. ஆப்பிளின் ஸ்விஃப்ட் மொழி துணைக்குறியைத் தாய் எழுத்தோடு சேர்த்தே எண்ணும், அதற்கு 9. ஊர்க்காரர் விரல் விட்டு எண்ணினால் ஸ்ரீ, வி, ல், லி, பு, த், தூ, ர் என்று 8. ஸ்விஃப்ட் நம் கணக்குக்கு மிக அருகில் வந்துவிட்டது. ஸ்ரீயை மட்டும் ‘ஸ்’, ‘ரீ’ என்று இரண்டாகப் பார்ப்பதால் ஒன்று கூடிவிடுகிறது.

இந்த இடைவெளியைத் தமிழர்களே நிரப்ப முயன்றதும் நடந்தது. எழில் என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் நண்பர்களும் ‘ஓப்பன் தமிழ்’ என்ற பைத்தான் தொகுப்பைத் திறந்த மூலமாகக் கொடுத்தார்கள். ‘தமிழ்’ என்ற சொல்லைக் கொடுத்தால் ஐந்து எண்ணாகப் பார்க்காமல் த, மி, ழ் என்று மூன்று எழுத்தாகப் பிரித்துக் கொடுக்கும். ரெஜெக்ஸுக்கும் அதில் ஒரு பகுதி உண்டு. அ முதல் ஔ வரை என்று வீச்சு கொடுத்தால், யூனிகோடின் எண் வரிசையை நம்பாமல் தன்னிடமுள்ள தமிழ் எழுத்துப் பட்டியலைக் கொண்டு விரித்துக்கொள்கிறது. மொழியின் எஞ்சின் செய்யாததை மேலே ஒரு தொகுப்பு செய்கிறது. பாராட்ட வேண்டிய வேலை. ஆனாலும், இந்தச் சுமை தமிழ் நிரலாளரின் தலையில் விழுந்ததே முறை இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

எழுத்துக் கணக்கு சரியானாலும் தமிழ் இலக்கணம் ஒரு படி மேலே நிற்கிறது. ராஜபாளையத்தில் என்று எழுதும்போது ‘ம்’ கெட்டு ‘அத்து’ச் சாரியை வருகிறது, ஸ்ரீவில்லிபுத்தூரில் என்னும்போது ‘ர்’ரும் ‘இ’யும் சேர்ந்து ‘ரி’ ஆகிறது. ஊர்ப் பெயரைப் புள்ளியோடு கொடுத்துத் தேடினால் இரண்டும் தப்பிவிடும். கடைசி எழுத்தை விட்டு ‘ராஜபாளைய’ என்றும், புள்ளியை மட்டும் விட்டு ‘வில்லிபுத்தூர’ என்றும் தேடினால் பைத்தானில் அகப்படும். இங்கே எண் எண்ணாகப் பார்க்கும் பழைய வழியே உதவுகிறது. எழுத்து எழுத்தாகப் பார்க்கும் கருவிக்கு ‘ர’ வேறு, ‘ரி’ வேறு, அது கைவிரித்துவிடும். ஆகவே நமக்கு இரண்டு பார்வையும் வேண்டும், எப்போது எது என்று தேர்ந்துகொள்ளும் வசதியும் வேண்டும்.

வாசகர்களுக்கு ஒரு வேலை. கைபேசியில் ஸ்ரீவில்லிபுத்தூர் என்று தட்டி அதைக் கணினிக்கு அனுப்புங்கள். கணினியின் விசைப்பலகையில் அதே பெயரைத் தட்டி அந்தக் குறிப்பில் தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால், உங்கள் கருவிகளில் ஒன்று 2998ஐயும் மற்றொன்று 3000ஐயும் எழுதிக்கொண்டிருக்கக் கூடும். பெயர்ப் பட்டியலோ முகவரிப் பட்டியலோ கையாளும் மென்பொருளை நீங்கள் எழுதுபவராக இருந்தால், இரண்டு ஸ்ரீயையும் ஒன்றாக்கும் அந்த ஒரு வரியை இன்றே சேர்த்துவிடுங்கள்.

(தொடரும்)